வைல்டுகார்டு மாஸ்க் தவறும்போது: அறிகுறியிலிருந்து பிழையைப் பிடிப்பது

யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று ரவுட்டருக்குச் சொல்லும் பட்டியல்தான் ஆக்சஸ் லிஸ்ட். அதன் வரியில், முகவரியின் எந்தப் பிட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது வைல்டுகார்டு மாஸ்க். அதைத் தப்பாக அடித்தால் ரவுட்டர் மறுப்பே சொல்லாது. 32 பிட்டை எப்படி அடுக்கினாலும் அதன் கணக்கில் அது ஒரு மாஸ்க்தான். என்டர் தட்டியதும் பேசாமல் வாங்கிக்கொள்ளும், எச்சரிக்கை எதுவும் வராது. கோளாறு பிறகுதான் தலைகாட்டும். ஒரு துறைக்கு மட்டும் நெட்வொர்க் கிடைக்காது, அல்லது கிடைக்கவே கூடாத ஒருவருக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும். அதனால் வெளியே தெரிகிற அறிகுறியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி மாஸ்க்குக்குப் போவதே சரியான வழி.

இங்கே சொல்வது சிஸ்கோ ஐஓஎஸ், ஐஓஎஸ்-எக்ஸ்ஈ கருவிகளில் ஐபிவி4 ஆக்சஸ் லிஸ்ட் நடந்துகொள்ளும் விதம்.

விதி ஒன்றுதான். மாஸ்க்கில் 0 இருக்கும் பிட் பொருந்தியே ஆக வேண்டும், 1 இருக்கும் பிட்டை ரவுட்டர் பார்க்காது. ஒரு முழு சப்நெட்டுக்கு (நெட்வொர்க்கின் ஒரு பகுதிக்கு) மாஸ்க் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஆக்டெட்டிலும் (புள்ளிகளால் பிரிந்த எட்டு பிட் எண்ணிலும்) 255-இலிருந்து சப்நெட் மாஸ்க்கைக் கழித்தால் போதும். /26 (முதல் 26 பிட்டுகள் நெட்வொர்க்கைக் குறிப்பவை) என்றால் சப்நெட் மாஸ்க் 255.255.255.192, அதன் வைல்டுகார்டு 0.0.0.63. /20 என்றால் 255.255.240.0, வைல்டுகார்டு 0.0.15.255. இந்தக் கழித்தல் கணக்கில் தவறுகிறவர்கள் குறைவு. கணக்கு சரியாக இருந்தும் முகவரியோடு மாஸ்க் பொருந்தாமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

'ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்' கொடுங்கள். நீங்கள் அடித்ததாக நினைவில் வைத்திருக்கும் வரியை மறந்துவிட்டு, ரவுட்டர் சேமித்து வைத்திருக்கும் வரியைப் படியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பார்க்காதே என்று மாஸ்க் சொல்லும் பிட்டுகளை எல்லாம் முகவரியில் பூஜ்யமாக்கிய பிறகே ஐஓஎஸ் அந்த வரியைச் சேமிக்கிறது. ஒரு உதாரணம் ('பெர்மிட்' என்றால் அனுமதி, 'டினை' என்றால் மறுப்பு):

அடித்தது: ஆக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் 192.168.10.50 0.0.0.31
சேமித்தது: பெர்மிட் 192.168.10.32, வைல்டுகார்டு பிட்ஸ் 0.0.0.31

50 என்று அடித்தது 32 ஆகிவிட்டது. உங்கள் முகவரியும் மாஸ்க்கும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று ரவுட்டர் சொல்வது இந்த ஒரே இடத்தில்தான். முகவரி மாறியிருந்தால் மேலே எதையும் சோதிக்காதீர்கள், அந்த வரியில் நின்றுவிடுங்கள்.

கூடவே இரண்டு சோதனைகள், மனக்கணக்காகவே போடலாம். மாஸ்க்கின் ஒவ்வொரு ஆக்டெட்டும் 0, 1, 3, 7, 15, 31, 63, 127, 255 என்ற ஒன்பதில் ஒன்றாக இருக்க வேண்டும், இடமிருந்து வரும்போது பூஜ்யம் அல்லாத முதல் ஆக்டெட்டுக்குப் பின்னால் எல்லாம் 255 ஆக இருக்க வேண்டும். இது முதல் சோதனை. அடுத்தது, பூஜ்யம் அல்லாத அந்த முதல் ஆக்டெட்டில் மாஸ்க் எண்ணோடு ஒன்றைக் கூட்டுங்கள். முகவரியில் அதே ஆக்டெட் அந்தக் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபட வேண்டும். 0.0.0.31 என்றால் 32. 50-ஐ 32-ஆல் வகுத்தால் மீதி வருகிறது. ரவுட்டரைத் தொடுவதற்கு முன்பே, தாளில் எழுதும்போதே பிழை தெரிந்துவிடுகிறது.

அறிகுறி: பட்டியலைப் போட்ட நிமிடமே எல்லோருக்கும் நெட்வொர்க் நின்றுவிட்டது

'ஷோ' வெளியீட்டில் பெர்மிட் வரி 0.0.0.0 என்று தொடங்குகிறதா பாருங்கள். தொடங்கினால் வைல்டுகார்டு இருக்க வேண்டிய இடத்தில் சப்நெட் மாஸ்க் உட்கார்ந்திருக்கிறது.

'பெர்மிட் 192.168.5.0 255.255.255.0' என்று அடித்தால் முதல் மூன்று ஆக்டெட்டைப் பார்க்காதே, கடைசி ஆக்டெட் 0 ஆக இருக்கட்டும் என்று அர்த்தமாகிறது. சேமிக்கப்படுவது 'பெர்மிட் 0.0.0.0 255.255.255.0'. உலகத்தில் எந்த முகவரியானாலும் கடைசி எண் 0 ஆக இருந்தால் பொருந்தும். அப்படிப்பட்ட எண்ணைச் சாதாரண கணினிக்குக் கொடுப்பது அரிது. எனவே ஒரு பாக்கெட்டும் அந்த வரியில் படாது, எல்லாம் பட்டியலின் கடைசியில் எழுதாமலே இருக்கும் டினையில் போய் விழும்.

ஏஎஸ்ஏ ஃபயர்வாலில் வேலை செய்து பழகிய கை இந்தப் பிழையை எளிதாகச் செய்யும். அங்கே ஆக்சஸ் லிஸ்டில் சப்நெட் மாஸ்க்கைத்தான் எழுத வேண்டும், ஐஓஎஸ்ஸில் வைல்டுகார்டை. நெக்சஸ் சுவிட்சின் என்எக்ஸ்-ஓஎஸ் /24 என்றே எழுத விடுகிறது. மூன்றும் ஒரே ரேக்கில் இருக்கும் இடங்களில், எந்தக் கருவிக்கு எழுதியது என்று குறிப்பிடாமல் வரிகளை நகல் எடுத்து ஒட்டும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுவது நல்லது.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. டிஃபால்ட் ரூட்டை (வேறு வழி தெரியாத பாக்கெட்டுகள் போகும் பாதையை) 0.0.0.0 0.0.0.0 என்று எழுதிப் பழகிவிட்டு, "எல்லோரும்" என்று சொல்ல ஆக்சஸ் லிஸ்டிலும் அதையே எழுதுவது. இங்கே அதற்கு நேர்மாறான பொருள்: 0.0.0.0 என்ற ஒரே முகவரி. எல்லோரும் என்பதற்கு 0.0.0.0 255.255.255.255, அல்லது பேசாமல் 'எனி'.

அறிகுறி: வரியில் மாஸ்க்கே இல்லை

ஸ்டாண்டர்டு லிஸ்டில் (மூல முகவரியை மட்டும் பார்க்கும் பட்டியலில்) 'பெர்மிட் 192.168.5.0' என்று எழுதி மாஸ்க்கை விட்டுவிட்டால் ஐஓஎஸ் அதை 0.0.0.0 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது அந்த ஒற்றை முகவரி மட்டும். முகவரியின் கடைசியில் 0 இருக்க, பக்கத்தில் மாஸ்க் இல்லாத வரி கண்ணில் பட்டால் இதுதான். மாஸ்க்கைச் சேர்த்து எழுதினால் தீர்ந்தது.

அறிகுறி: பாதிப் பேருக்குக் கிடைக்கிறது, கூடவே அழையாத சிலரும் உள்ளே

அதிகம் தொல்லை கொடுப்பது இதுதான். வேலை செய்கிறவர்கள் இருப்பதால் மாஸ்க் சரி என்று நம்பிவிட்டு கேபிளையும் விலானையும் நோண்டத் தொடங்குவோம்.

10.20.4.0 முதல் 10.20.9.0 வரை ஆறு /24 நெட்வொர்க்குகளை ஒரே வரியில் அனுமதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைசியிலிருந்து முதலைக் கழி என்று பலரும் கற்றிருக்கிறார்கள். 9 கழித்தல் 4, ஐந்து. ஆகவே 10.20.4.0 0.0.5.255. கணக்கு பார்க்க அழகாக இருக்கிறது. பிட்டுகளைப் பிரித்துப் பாருங்கள்:

4 = 00000100
5 = 00000101

மாஸ்க்கில் 5 என்றால் நான்காம் மதிப்புள்ள பிட்டும் ஒன்றாம் மதிப்புள்ள பிட்டும் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், மற்ற ஆறும் பொருந்த வேண்டும் என்று பொருள். முகவரியில் அந்த மற்ற ஆறும் பூஜ்யம். ஆக மூன்றாம் ஆக்டெட்டில் பொருந்தக்கூடியவை 0, 1, 4, 5 ஆகிய நான்கே. சேமிக்கப்பட்ட வரியும் 10.20.0.0 0.0.5.255 என்று மாறியிருக்கும். 4, 5 நெட்வொர்க்கில் இருப்பவர்கள் நிம்மதியாக வேலை செய்வார்கள். 6 முதல் 9 வரை இருப்பவர்கள் புகார் சொல்வார்கள். 0, 1 நெட்வொர்க்குகள் உள்ளே வந்துவிட்டதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

கழித்தல் முறை பொய் என்று சொல்ல வரவில்லை. 192.168.16.0 முதல் 192.168.31.0 வரை என்றால் 31 கழித்தல் 16, பதினைந்து, 0.0.15.255, மிகச் சரி. நெட்வொர்க்குகளின் எண்ணிக்கை இரண்டின் அடுக்காக இருந்து, தொடக்கமும் அந்த எண்ணிக்கையால் வகுபட்டால் மட்டுமே அது பலிக்கும். பாடங்களில் இத்தகைய ஒழுங்கான உதாரணத்தைக் கொடுத்துவிட்டு இந்த நிபந்தனையைச் சொல்லாமல் போவது மாணவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

சரியான வழி, தொடக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு தொகுதியாக வெட்டுவது. நிற்கும் எண்ணை மீதியின்றி வகுக்கும் இரண்டின் அடுக்குகளில், எல்லையைத் தாண்டாத மிகப் பெரியதை எடுங்கள். 4-ஐ நான்கு வகுக்கும், நான்கு நெட்வொர்க் எடுத்தால் 7-இல் முடியும், எல்லைக்குள்தான். அடுத்து 8. எட்டு வகுக்கும், ஆனால் 15 வரை போய்விடும். நான்கு எடுத்தாலும் 11 வரை போகும். இரண்டு எடுத்தால் 9-இல் முடிகிறது.

பெர்மிட் 10.20.4.0 0.0.3.255
பெர்மிட் 10.20.8.0 0.0.1.255

மேலே பார்த்த 192.168.10.50-க்கு வருவோம். எழுதியவர் நினைத்தது 50 முதல் 81 வரை முப்பத்திரண்டு முகவரிகள். எண்ணிக்கை இரண்டின் அடுக்குதான், ஆனால் தொடக்கம் 32-ஆல் வகுபடவில்லை. கிடைத்தது 32 முதல் 63 வரை. வெட்டினால் ஐந்து வரிகள் வரும்:

பெர்மிட் 192.168.10.50 0.0.0.1
பெர்மிட் 192.168.10.52 0.0.0.3
பெர்மிட் 192.168.10.56 0.0.0.7
பெர்மிட் 192.168.10.64 0.0.0.15
பெர்மிட் 192.168.10.80 0.0.0.1

ஐந்து வரி கண்ணை உறுத்துகிறது என்று சொல்லி 0.0.0.127 போட்டு மூடிவிட வேண்டாம். பெர்மிட் வரியை அகலமாக்கி வரிகளைக் குறைப்பதைவிட, வரிகளைக் கூட்டித் துல்லியமாக வைப்பதே என் பரிந்துரை, எப்போதும். விதிவிலக்கு ஒன்று உண்டு. தொகுதியில் ஓரிரண்டு மட்டும் வெளியே நிற்க வேண்டும் என்றால் முதலில் அவற்றை டினை செய்துவிட்டுப் பிறகு முழுத் தொகுதியையும் அனுமதிக்கலாம். 10.20.0.0 முதல் 10.20.14.0 வரை என்றால் வெட்டும் முறையில் நான்கு வரி. 10.20.15.0 0.0.0.255-க்கு டினை, பிறகு 10.20.0.0 0.0.15.255-க்குப் பெர்மிட் என்றால் இரண்டே வரி. 15-க்கு அதே பட்டியலில் கீழே வேறு அனுமதி எதுவும் தேவைப்படாதவரை இது சரிவரும்.

அறிகுறி: ஒன்று விட்டு ஒன்று வேலை செய்கிறது

.2, .4, .6 எல்லாம் போகிறது, .3, .5, .7 போகவில்லை. மாஸ்க்கின் கடைசி ஆக்டெட் இரட்டை எண்ணாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் கணினி .254 என்பதால் 0.0.0.254 என்று எழுதுவதிலிருந்து இது வருகிறது. 254 என்றால் 11111110. கடைசி பிட் மட்டும் பொருந்தியாக வேண்டும், முகவரியில் அது 0, ஆகவே இரட்டை எண்கள் மட்டும் தேறும். /27-க்குப் பயன்படுத்தக்கூடிய முகவரி முப்பதுதானே என்று 0.0.0.30 போட்டாலும் இதே கதி, பதினாறு இரட்டை முகவரிகள்.

இதன் உடன்பிறப்பு, தொகுதியின் அளவையே மாஸ்க்காக எழுதுவது. அறுபத்து நான்கு முகவரி வேண்டும் என்று 10.1.1.64 0.0.0.64 என எழுதினால் ஒரே ஒரு பிட்தான் விடுதலை ஆகிறது. சேமிக்கப்படுவது 10.1.1.0 0.0.0.64, பொருந்துவது .0, .64 என்ற இரண்டு மட்டும். அளவிலிருந்து ஒன்றைக் கழித்து 63 என்று எழுத வேண்டும்.

தொடர்ச்சியற்ற மாஸ்க்கை வேண்டுமென்றே எழுதுவதும் உண்டு. 192.168.1.0 0.0.254.255 என்றால் மூன்றாம் ஆக்டெட் ஒற்றை எண்ணாக உள்ள எல்லா நெட்வொர்க்கும். 10.0.0.1 0.255.255.0 என்றால் 10-இல் தொடங்கி .1-இல் முடியும் எல்லா முகவரியும். எல்லாக் கிளைகளிலும் கேட்வேக்கு .1 வைத்திருப்பவர்களுக்கு உதவும். அப்படி எழுதினால் மேலேயே ஒரு 'ரிமார்க்' வரி போட்டுக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து வருகிறவர் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்.

அறிகுறி: புகாரே இல்லை

இதை அறிகுறி என்று யாரும் எண்ணுவதில்லை, ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ரவுட்டருக்குள் நுழைய ஒரே ஒரு நிர்வாகக் கணினிக்கு மட்டும் அனுமதி கொடுக்கிறோம்:

ஆக்சஸ்-லிஸ்ட் 5 பெர்மிட் 10.1.1.5 255.255.255.255

ஒற்றை முகவரிக்கு /32 மாஸ்க் என்ற நினைப்பில் கை அடித்துவிடுகிறது. வைல்டுகார்டாகப் படித்தால் முப்பத்திரண்டு பிட்டையும் பார்க்காதே என்று பொருள். சேமிக்கப்படும் வரி 'பெர்மிட் எனி'. இந்தப் பட்டியலை விடிஒய் லைனில் (தொலைவிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வழியில்) 'ஆக்சஸ்-கிளாஸ் 5 இன்' என்று மாட்டினால் 10.1.1.5-இலிருந்து எஸ்எஸ்எச் அருமையாக நுழையும். சோதித்தவர் திருப்தியாகப் போய்விடுவார். மற்ற எல்லோருக்கும் அதே கதவு திறந்திருக்கிறது. ஒற்றை முகவரிக்கு 'ஹோஸ்ட் 10.1.1.5' என்றே எழுதிப் பழகினால் இந்தப் பிழைக்கு இடமே இராது.

ஆகவே பெர்மிட் வரியைச் சோதிக்கும்போது போக வேண்டியது போகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. நான்கு முகவரிகளைச் சோதியுங்கள்: வரம்பின் முதல், கடைசி, முதலுக்கு ஒன்று முந்தியது, கடைசிக்கு ஒன்று பிந்தியது. முன் இரண்டும் போக வேண்டும், பின் இரண்டும் நிற்க வேண்டும். 10.20.4.0 முதல் 10.20.9.255 வரை என்றால் 10.20.3.255-உம் 10.20.10.0-உம் நிற்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். வரம்பின் முனையில் கணினி இல்லையென்றால் அந்த நெட்வொர்க்கில் இருக்கும் ஏதாவது ஒன்றை வைத்துப் பாருங்கள். பிங்கை அந்த ரவுட்டரிலிருந்தே விட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. இன்டர்ஃபேஸில் 'அவுட்' திசையில் மாட்டிய பட்டியல், ரவுட்டர் தானே உருவாக்கும் பாக்கெட்டுகளை வடிகட்டுவதில்லை.

அறிகுறி: உள் நெட்வொர்க் முகவரிகளைத் தடுத்தும் சில 172 முகவரிகள் தப்பிவிடுகின்றன

1996-இல் வந்த இணைய ஆவணமான ஆர்எஃப்சி 1918 தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய மூன்று தொகுதிகளில் நடுவில் இருப்பது 172.16.0.0/12. அதன் எல்லை 172.31.255.255 வரை. அதற்கு 0.0.255.255 போட்டால் 172.16 மட்டும் அடங்கும், 172.17 முதல் 172.31 வரை வெளியே. சரியான மூன்றும் இவை:

10.0.0.0 0.255.255.255
172.16.0.0 0.15.255.255
192.168.0.0 0.0.255.255

அறிகுறி: மாஸ்க் சரி, முகவரி சரி, ஆனாலும் நடக்கவில்லை

அப்படியானால் மாஸ்க்கை விட்டுவிடுங்கள். 'கிளியர் ஆக்சஸ்-லிஸ்ட் கவுன்டர்ஸ்' கொடுத்து, சோதனைப் பாக்கெட்டை அனுப்பி, எந்த வரியின் எண்ணிக்கை ஏறுகிறது என்று பாருங்கள். மேலிருந்து கீழாகப் படிக்கப்பட்டு முதலில் பொருந்தும் வரியோடு முடிந்துவிடும் என்பதால், அகலமான பெர்மிட்டுக்குக் கீழே இருக்கும் குறுகிய டினைக்கு வாய்ப்பே வராது. எழுதாமல் இருக்கும் கடைசி டினைக்கு எண்ணிக்கை தெரியாது. சோதிக்கும் வரைக்கும் 'டினை ஐபி எனி எனி லாக்' (ஸ்டாண்டர்டு லிஸ்டில் 'டினை எனி லாக்') என்று வெளிப்படையாக எழுதி வைத்தால் விழுவது எங்கே என்று தெரிந்துவிடும். கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் ஹார்டுவேரிலேயே வடிகட்டப்படும் பாக்கெட்டுகள் இந்த எண்ணிக்கையில் வராமல் போகலாம், எண் ஏறவில்லை என்பதை மட்டும் வைத்து அங்கே முடிவு கட்ட வேண்டாம்.

எந்த வரியும் ஏறவில்லை என்றால் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ்' கொடுத்துப் பட்டியல் மாட்டியிருக்கிறதா, 'இன்'னா 'அவுட்'டா என்று பாருங்கள். மூலம், இலக்கு இரண்டையும் பார்க்கும் எக்ஸ்டெண்டெட் லிஸ்டில் அவை இடம் மாறியிருப்பதும் அடிக்கடி நடப்பதே. இரண்டுக்கும் தனித்தனி வைல்டுகார்டு உண்டு.

ஒரு விசித்திரமான அறிகுறியையும் சொல்ல வேண்டும். ஏற்கனவே இயங்கும் கணினிகள் நன்றாக இருக்கும், புதிதாக இணைப்பவற்றுக்கு மட்டும் ஐபி கிடைக்காது. பயனர் பக்கத்து இன்டர்ஃபேஸில் 'இன்' திசையில், அந்த சப்நெட்டுக்கு மட்டும் சரியான மாஸ்க்கோடு பெர்மிட் இருக்கும். முகவரி இல்லாத கணினி டிஎச்சிபி வழியாக முகவரி கேட்கும்போது அதன் மூல முகவரி 0.0.0.0, உங்கள் சப்நெட்டுக்குள் அது அடங்காது. பழைய கணினிகள் தங்கள் முகவரியிலிருந்தே புதுப்பித்துக்கொள்வதால் தப்பிக்கின்றன. தீர்வு இந்த வரியை மேலே சேர்ப்பது:

பெர்மிட் யூடிபி ஹோஸ்ட் 0.0.0.0 ஈக்யூ 68 ஹோஸ்ட் 255.255.255.255 ஈக்யூ 67

திருத்தும்போது வெளியே பூட்டிக்கொள்ளாமல் இருக்க

எண்ணிட்ட பட்டியலில் ஒரு வரியை நீக்க 'நோ ஆக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் ...' என்று அடிக்காதீர்கள். பட்டியல் முழுவதும் போய்விடும். இல்லாத பட்டியலை மாட்டியிருக்கும் இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் விட்டுவிடும். அந்த நிலையில் புதிய பட்டியலின் முதல் வரியை அடித்த கணமே கீழே டினை உயிர்பெற்று, நீங்கள் உட்கார்ந்திருக்கும் எஸ்எஸ்எச் இணைப்பே அறுந்துபோகலாம். 'ஐபி ஆக்சஸ்-லிஸ்ட் ஸ்டாண்டர்டு 10' என்று உள்ளே போய், 'நோ 20' என்று வரிசை எண்ணால் நீக்கி, '20 பெர்மிட் 10.20.4.0 0.0.3.255' என்று அதே இடத்தில் எழுதுங்கள். ஸ்டாண்டர்டு லிஸ்டில் ஒற்றை முகவரி வரிகளை ஐஓஎஸ் தன் வசதிக்கு இடம் மாற்றிக் காட்டும். மேலே உள்ள அகலமான வரிக்குள் அடங்கும் ஒற்றை முகவரியைக் கீழே சேர்க்க முயன்றால் ஏற்க மறுக்கவும் செய்யும்.

தொலைவிலிருந்து திருத்துகிறீர்கள் என்றால் தொடங்கும் முன் இருப்பதைச் சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' கொடுங்கள். இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ரவுட்டர் பழைய கான்ஃபிகரேஷனோடு எழுந்துவிடும். ரீஸ்டார்ட் ஆவதைத் தாங்க முடியாத இடத்தில், 'ஆர்க்கைவ்' (பழைய கான்ஃபிகரேஷனைச் சேமித்து வைக்கும் வசதி) அமைத்திருந்தால், 'கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5' என்று தொடங்கி, எல்லாம் சரியானதும் 'கான்ஃபிகர் கன்ஃபர்ம்' கொடுக்கலாம். எந்த வழியானாலும் நான்கு முகவரிச் சோதனை முடியும்வரை 'ரைட் மெமரி' (சேமிக்கும் கட்டளை) கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டால் ரீலோட் திரும்பிப்போகப் பழையது எதுவும் இருக்காது. சோதனை முடிந்ததும் முதலில் 'ரீலோட் கேன்சல்', பிறகு சேமியுங்கள்.